சாவிக்கொத்தில் தொங்கிய டிவி நாப்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று சின்ன முதலாளி சொல்லி அனுப்பினார். எனக்குப் பேச வராது. நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷம் கடையில் இருந்தும் அது போகவில்லை. அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன், எழுத்து கோணலாக இருக்கும். உங்களில் யாராவது சத்தம் போட்டுப் படியுங்கள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

வேலையை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது பொறாமையைப் பற்றி. பொறாமைப்படாதீர்கள் என்று புத்தி சொல்லப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். படுவீர்கள். ஒரே மேசையில் நாலு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிற இடத்தில் அது இல்லாமல் இருக்காது. நான் நிறையப் பட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை அது எனக்கு வேலைக்கு உதவியது. அந்த ஒரு தடவையைத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தெருவில் நம் கடை ஒரே அறைதான். முன்னால் மேசை, ரிப்பேருக்கு வந்த ரேடியோவும் டிவியும். நடுவில் ஒரு துணித் திரை. திரைக்குப் பின்னால் நான். எனக்கு வேலை செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது. ஸ்டெபிலைசர் காயில், டிரான்ஸ்பார்மர் காயில், என்ன வந்தாலும் சுற்றுவேன். சுற்றி முடித்ததும் அது டப்பாவுக்குள் போய்விடும். மேலே மூடி போட்டு ஸ்குரூ முடுக்கிவிடுவார்கள். என் வேலையை வாடிக்கைக்காரர் யாரும் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

மெக்கானிக்கை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தோளில் ஒரு காக்கிப் பை இருக்கும். டெஸ்டர், நோஸ் பிளையர், சோல்டரிங் அயர்ன், ஏரியலுக்கான பட்டை ஒயர் ஒரு சுருள். அந்தப் பையோடு பஸ் ஏறி வீடு வீடாகப் போய் டிவி பார்ப்பதற்கு வெளி வேலை என்று பெயர். பகலில் ஆண்கள் காட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் பொம்பளைகள் மட்டும் இருக்கும்போது வெளி ஆம்பளை உள்ளே வருவதை யாரும் விரும்பவில்லை. அண்ணனும் ஜெயங்கொண்டத்தில் சொந்தமாகக் கடை போடுவதாக இருந்தார். அதனால் அவர் போனபிறகு ஏரியல் கட்டக் கூரை ஏறுவதற்கு மட்டும் ஒரு ஆள், வீட்டுக்குள் பார்க்கிற வேலைக்குக் கடைப் பெண்களில் ஒருத்தி என்று முதலாளி முடிவு பண்ணினார்.

கடைப் பெண்களில் ஒருத்தி என்றால் அப்போது நான் ஒருத்திதான். அந்தப் பை எனக்குத்தான் என்று இருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஊர் ஊராகப் போகிற மாதிரி நினைத்துக்கொண்டே காயில் சுற்றினேன். அப்போதுதான் சகாயமேரி வந்தாள்.

அரியலூர்ப் பக்கத்துப் பெண். பத்தாவது பாஸ். என்னைவிடச் சின்னவள். வந்த வாரமே கடைக்கு வருகிற ஆட்களை எல்லாம் பெயர் சொல்லி விசாரித்தாள். டீக்கடைக்காரர் அவளுக்கு மட்டும் சொல்லாமலே சர்க்கரை குறைத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் சோல்டர் வைத்த ஈயம் முத்து முத்தாக மினுங்கும். அவள் வீட்டுக்குப் போனபிறகு அவள் முடித்து வைத்த போர்டை எடுத்து, ஒரு முத்தாவது மங்கலாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இருக்காது.

"சகாயம், இங்க வா, இதப் பாரு" என்று அண்ணன் கூப்பிடும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் எனக்கு வயிறு எரியும். என்னை அவர் கூப்பிட்டால் "தனம், அது முடிஞ்சிதா" என்று மட்டும்தான் கேட்பார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அரியலூரிலிருந்து ஆள் வந்தது. ஒரு வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து டிவியில் மாட்டி விளையாடுகிற டிவி கேம் வந்திருக்கிறதாம். பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, மாட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்களாம். வாங்கி வந்த பையன் மறுநாள் திரும்பச் சிங்கப்பூர் கிளம்புகிறான். அதற்குள் ஓட வேண்டும்.

டிவி கேமைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதோடு சரி. அண்ணன் மட்டும் திருச்சியில் ஒரு வீட்டில் பார்த்திருந்தார். "கேம் பெட்டியிலேருந்து வர்றது உருண்ட ஒயரு. பழைய டிவிக்குப் பின்னாடி இருக்கிறது பட்ட ஒயருக்கான ரெண்டு ஸ்குரூ. நேரா கொடுத்தா படம் நிக்காது. நடுவுல சின்னதா ஒரு காயில் வேணும். தனம், சுத்திக் கொடு" என்றார். சுண்டு விரல் நுனியில் நிற்கிற அளவுக் காயில். சுற்றிக் கொடுத்தேன்.

"சகாயம் போயிட்டு வரட்டும். நீயும் கூடப் போ. காயில் சரிப்படலன்னா அங்கேயே மாத்திச் சுத்தணும்" என்றார் என்னிடம். பிறகு முதலாளியிடம் திரும்பி, "இத எப்படி முடிச்சிட்டு வர்றாங்கன்னு பாத்துட்டு பைய யாருக்குன்னு சொல்றேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கு மெதுவாகச் சொன்னாலும் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாது.

பையைச் சகாயமேரிதான் தோளில் போட்டுக்கொண்டாள். நான் காயிலை ஒரு தீப்பெட்டியில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பஸ் ஏறும்போது அண்ணன் ஓடிவந்து, "பூஸ்டர் ஒயர்ல மட்டும் கேம் பெட்டியக் கொடுத்துராதீங்க, பெட்டி போயிடும்" என்றார்.

இதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்ம பக்கத்துக்கு டவர் தூரம். கம்பத்தின் உச்சியில் பூஸ்டர் கட்டினால்தான் படம் வரும். அந்தப் பூஸ்டருக்குக் கரண்ட் அதே பட்டை ஒயர் வழியாகத்தான் மேலே ஏறும். எந்தப் படமும் பூஸ்டர் டப்பா வழியாகத்தான் வர வேண்டும் என்று நம் ஆட்களுக்கு மனதில் பதிந்துவிட்டது. கேம் பெட்டியையும் அதிலேயே கொடுத்தால் புத்தம்புதுப் பெட்டி புகைந்துவிடும். சகாயமேரி இதை மறந்துவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். மறந்தால் தடுப்பதற்கு வார்த்தையும் தயாராக வைத்திருந்தேன். அவள் போனவுடன் முதல் காரியமாகப் பூஸ்டரை அணைத்து, பட்டை ஒயரைக் கழற்றித் தனியாக வைத்தாள். என் வார்த்தை என்னிடமே இருந்துவிட்டது.

அது அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்த வீடு. பெரியவர் சிமெண்டுக்கு லாரி விடுகிறவர். ரெட்டிபாளையம் போயிருந்தார். சின்னவர் முந்திரிக்காட்டைப் பார்க்கிறவர். அவரும் வீட்டில் இல்லை. அடுப்பு தனித்தனி, வாசல் ஒன்று. பெரியவர் பக்கத்தில் புதுக் கலர் டிவி. சின்னவர் பக்கத்தில் மரக்கதவு வைத்த பழைய கருப்பு வெள்ளை டிவி. கேமை வாங்கி வந்தவன் சின்னவர் மனைவியின் தம்பி. சின்னவர் மனைவியைச் சின்னம்மா என்றும், பெரியவர் மனைவியைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டோம். அங்கே வேலைக்கு வருகிற எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சின்னம்மா பழைய டிவியின் கதவைத் திறந்து வைத்திருந்தார். மேலே புதுத் துணி விரித்திருந்தார். கேம் பெட்டி ஒரு மணைப்பலகை மேல் இருந்தது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

காயிலை மாட்டினோம். டிவியைப் போட்டோம். இரைச்சல். கேம் வேறு சேனலில் வரும். சேனலை மாற்றலாம் என்று பார்த்தால், திருகி மாற்றுகிற குமிழ், அந்த நாப், இல்லை. பல்லைப் பிடுங்கின இடம் மாதிரி ஒரு ஓட்டை, உள்ளே ஒரு இரும்புத் தண்டு.

இதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் நம்ம பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். பாடுபட்டு ஒரு சேனலைப் பிடித்து வைத்திருப்பார்கள். பிள்ளைகள் சிலோன் டிவிப் படம் தேடுகிறேன் என்று திருகி, இருந்ததையும் தொலைத்துவிடும். அதனால் படம் நின்றதும் நாபைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிடுவார்கள். உடையார்பாளையம் போகிற வழியில் ஒரு வீட்டில் சாமி மாடத்தில் வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் சேர்த்துச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சகாயமேரி நோஸ் பிளையரால் தண்டைப் பிடித்துத் திருப்பினாள். டக் டக் என்று சேனல் மாறியது. ஒரு இடத்தில் ஏதோ தெரிந்தது. மட்டை மாதிரி இரண்டு வெள்ளைக் குச்சி, நடுவில் பந்து மாதிரி ஒரு புள்ளி. ஆனால் குச்சிகள் பாம்பு மாதிரி நெளிந்தன. படத்தைச் சரியாக நிறுத்தத் தண்டைச் சுற்றி உள்ளே இருக்கிற வளையத்தைத் திருப்ப வேண்டும். பிளையர் அங்கே நுழையாது. நாபின் வெளி அடுக்குதான் அதைப் பிடிக்கும்.

"நாப் எங்கங்க?" என்று சகாயமேரி கேட்டாள்.

சின்னம்மா திரும்பிப் பார்த்தார். நிலைப்படியில் நின்ற பெரியம்மா, "அது எந்தக் காலத்துலயோ. எங்க போச்சோ" என்றார்.

சகாயமேரி கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு எழுந்தாள். "இதுல நிக்காதுங்க. பெரியம்மா வூட்டுலதான் கலர் டிவி இருக்குதுல்ல, அதுல மாட்டுனா நிமிஷத்துல வந்துடும்."

அவள் சொன்னது சரி. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அண்ணன் வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடின. சிங்கப்பூர்த் தம்பி சிரித்துக்கொண்டே பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து டொக் டொக் என்று சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. பச்சைத் திரையில் மஞ்சள் குச்சியாம். ஒரு பிள்ளை கத்திச் சொன்னது.

நான் பழைய டிவிக்குப் பின்னால் பட்டை ஒயரைத் திரும்ப மாட்டுவதற்காக உட்கார்ந்திருந்தேன். சின்னம்மா போகவில்லை. விரித்திருந்த புதுத் துணியை எடுத்து மடித்தார். முந்தானையால் டிவி மேலே துடைத்தார். தூசி ஒன்றும் இல்லை. ஆனாலும் துடைத்தார்.

"போயிப் பாருங்களேன் சின்னம்மா. கலர்ல வருதாம்" என்றேன்.

"நான் எதுக்கு. நம்ம வூட்டுல என்ன வேலையா இல்ல" என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எனக்கு நானே பேசிக்கொள்கிற குரல். அதனால் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்குரூவை முடுக்கிக்கொண்டே இருந்தேன். பார்க்காமல் இருந்ததால் அவரே சொன்னார்.

"இந்த டிவி எனக்குப் பொறந்த வூட்டுச் சீரு. அரும்பாவூர்லேருந்து எங்கப்பா வண்டியில வைக்கல பரப்பி, அதுக்கு மேல மெத்தயப் போட்டு, குழந்தையாட்டம் புடிச்சிக்கிட்டு வந்தாரு. வந்த அன்னிக்கே மூத்தவன்னு சொல்லி நாப உங்க பெரியம்மா எடுத்துக்கிட்டாங்க. அவங்க வந்து மாட்டுனாதான் டிவி வேற சேனலுக்குத் திரும்பும். பொறவு கலர் டிவி வந்துச்சி, தனியாவும் போனோம். நாபு வரல."

"எங்க இருக்கு?"

"இடுப்புல. சாவிக்கொத்துல தொங்குது, பாக்கலியா நீ? கண்ணு முன்னாடி வச்சிக்கிட்டு எங்க போச்சோங்குறாங்க."

"கேட்டுப் பாக்கலாமே சின்னம்மா."

"கேக்க மாட்டேன். என் தம்பி வாங்கியாந்தது. ஓடுனா என் டிவியில ஓடணும். இல்லன்னா அந்தக் கழுத ஓடவே வேணாம். சாயங்காலம் கழட்டி அவன் பொட்டியிலயே போட்டு அனுப்பிடுறேன்."

பிள்ளைகளே, நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது இந்த இடத்தைத்தான். கேம் ஓடுகிறது, படம் வந்துவிட்டது, வேலை முடிந்துவிட்டது என்று சகாயமேரி அந்தப் பக்கம் நிற்கிறாள். இந்தப் பக்கம் வேலை முடியவே இல்லை. ஒரு வீட்டில் இரண்டு டிவி இருந்தால் எது நல்ல டிவி என்று மட்டும் பார்க்காதீர்கள். எது யாருடையது என்று பாருங்கள்.

நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சும்மா இருந்தால் சகாயமேரி முடித்த வேலை முடிந்த வேலையாகவே இருக்கும். பை அவளுக்குப் போகும். நான் எழுந்து போய் இந்த டிவியில் படத்தைக் கொண்டுவந்தால், அவள் முடித்ததை நான் அவிழ்ப்பதாக ஆகும். சின்னம்மாவுக்காக எழுந்தேனா, சகாயமேரியை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று எழுந்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பெரியம்மாவிடம் எப்படிக் கேட்பது? நாபைக் கொடுங்கள் என்றால் எந்த நாப் என்பார். இடுப்பைக் காட்டினால் எல்லாருக்கும் முன்னால் அவமானம். பிறகு ஜென்மத்துக்கும் வராது. பெரியம்மாவுக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. தன் வீட்டில் கலர் டிவி இருக்கிறது, ஆனால் சிங்கப்பூரிலிருந்து சாமான் கொண்டுவர ஒரு தம்பி இல்லை. வந்தது முதல் அவர் அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையிலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு சாமானை என் கையிலிருந்து வாங்க வேண்டுமென்றால், என்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். கொடு என்று சொன்னால் கொடுக்க மாட்டேன். உன்னால்தான் ஆகும் என்று யாராவது சொன்னால், நானே எடுத்துக்கொண்டு ஓடுவேன். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பெரியம்மா சமையல்கட்டில் தனியாகக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். சகாயமேரிக்கு வைத்திருந்த டம்ளர் வெள்ளி. எனக்கு எவர்சில்வர். அதையும் பார்த்தேன். நான் வாசற்படியைத் தாண்டாமல் நின்றேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தேன்.

"என்ன பொண்ணு?"

"அந்தப் பழைய டிவியில மொதமொதல்ல படத்தப் புடிச்சி நிறுத்துனது நீங்கதானாங்க?"

ஆற்றுவதை நிறுத்தினார். "பின்ன யாரு? எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு அதெல்லாம் எங்க வரும். ஒரு மயிரிழ திருப்புனா படம் ஓடிடும் அதுல."

"எங்களுக்கு நிறுத்த வரலீங்க. கைப் பழக்கம் வேணும் போலருக்கு. நீங்க ஒரு தடவ வந்து திருப்பி விட்டா நல்லாருக்கும்."

"ஏன், அந்தப் படிச்ச பொண்ணு வந்துருக்காளே?"

"அவளாலயும் ஆகலீங்க" என்றேன். உண்மைதான். சொல்லும்போது வாய் இனித்தது என்பதும் உண்மை.

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாப் என்கிட்ட இருக்குன்னு கோமதி சொன்னாளா?" கோமதி என்பது சின்னம்மா பெயர்.

"யாரும் சொல்லலீங்க. நீங்க நடக்கையில சாவியோட சேந்து ஆடுது."

அவர் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அப்புறம் எனக்கு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார். "மொதல்ல குடி. கூப்புடு எல்லாரையும்" என்றார்.

எல்லாரையும் கூப்பிடச் சொன்னார், கவனித்தீர்களா. தனியாக வந்து திருப்பிவிட்டுப் போக அவர் தயாரில்லை.

கேம் பெட்டி திரும்பி வந்தது. பிள்ளைகளுக்குக் கோபம். "கலர்லதான் நல்லாருந்துச்சி" என்று முனகின. சகாயமேரி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் பட்டை ஒயரை மறுபடி கழற்றிவிட்டுக் காயிலை மாட்டினேன். பெரியம்மா சாவிக்கொத்தின் கம்பியை விரித்து நாபைக் கழற்றினார். இரண்டு அடுக்கு நாப், ஓரத்தில் வெள்ளிப் பூச்சு தேய்ந்து கருத்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் தண்டில் வைத்து அழுத்தினார். சேனலைத் திருப்பினார். குச்சிகள் நெளிந்தன. வெளி அடுக்கை இரண்டு விரலால் மெல்ல, மெல்ல. குச்சிகள் நிமிர்ந்தன. புள்ளி நடுவில் வந்து நின்றது. உண்மையிலேயே கைப் பழக்கம்தான். நானோ சகாயமேரியோ அவ்வளவு சீக்கிரம் நிறுத்தியிருக்க முடியாது.

"நிறுத்திட்டேன் பாரு" என்றார் பெரியம்மா, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

சிங்கப்பூர்த் தம்பி, குச்சியை நகர்த்துகிற திருகுபெட்டி ஒன்றை அக்காவின் கையில் கொடுத்து உட்கார வைத்தான். சின்னம்மா ஒரு தடவை புள்ளியைத் திருப்பி அடித்தார். "எனக்கு இந்த வெள்ளதான் கண்ணுக்குக் குளுமையா இருக்கு" என்றார். பெரியம்மாவுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

அப்போது பெரியம்மாவின் கை மறுபடியும் நாபுக்குப் போனது. பழக்கம். படம் நின்றதும் பிடுங்குவது அவருடைய கை வழக்கம். விரல்கள் நாபைப் பற்றி இழுக்கப் போயின. சின்னம்மாவின் கண் அந்த விரல்களிலேயே நின்றது. ஆட்டம் நின்றுவிட்டது. புள்ளி கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, "பெரியம்மா, எடுத்துராதீங்க. கேம் மாட்டுன டிவியில நாப எடுத்தா படம் போயிடும்" என்றேன்.

அது பொய். நாபை எடுத்தால் படம் எங்கும் போகாது. அந்த அறையில் அது தெரிந்தவள் இன்னொருத்தி இருந்தாள். சகாயமேரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது. அவள் நோஸ் பிளையரைப் பையில் வைத்து, பையின் வாரைப் பொறுமையாக மாட்டி, "ஆமாங்க. அது அங்கேயே இருக்கணுங்க" என்றாள்.

பெரியம்மா விரலை எடுத்தார். "எனக்கென்ன, இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, நாப் இல்லாத சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். ஜன்னல் ஓரம் அவள்.

"தனம்க்கா."

"என்ன?"

"நாப எடுத்தா படம் போவாதுல்ல?"

"போவாது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "வாயில கொழுக்கட்டைன்னு நெனச்சேன் உன்ன. ஊமக் குசும்புடி யக்கா உனக்கு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கிற அழகைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டது. இறங்குவதற்குள், சமையல்கட்டு வாசலில் நான் எப்படி நின்றேன் என்பது வரை எல்லாவற்றையும் என்னிடம் கேட்டு வாங்கிவிட்டாள்.

கடைக்கு வந்ததும் அண்ணன் கேட்டார். நான் திரை ஓரமாக நின்றேன். சகாயமேரி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை. "நான்தான் கலர் டிவிக்கு மாத்தச் சொன்னேன், தப்பாப் போச்சு, தனம்க்காதான் சரி பண்ணுச்சு" என்றாள். பெரியம்மா மாதிரி நடந்து காட்டினாள், நான் வாசற்படியில் நெளிந்ததை நெளிந்து காட்டினாள். அண்ணனும் முதலாளியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் செய்த காரியம் அவள் வாயில் இருந்து வந்தபோது நான் செய்ததைவிட நன்றாக இருந்தது. அவள் பொய் சொல்லியிருந்தால், என் பெயரை மறைத்திருந்தால், எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அதற்கும் அவள் வழி விடவில்லை.

அண்ணன் என்னைத் திரைக்குப் பின்னால் வந்து பார்த்தார். "நல்லாப் பண்ணிருக்க. ஆனா கேட்டா நாலு வார்த்த சொல்ல வரல உனக்கு. வெளி வேலைக்கு வாய் வேணும் தனம். பைய அவளுக்குத்தான் கொடுக்கப் போறேன். மனசுல வச்சிக்காத" என்றார்.

மனதில்தான் வைத்துக்கொண்டேன். வேறு எங்கே வைப்பது? அண்ணன் ஜெயங்கொண்டம் போனார். சகாயமேரி பையோடு காலையில் கிளம்புவாள், வெயில் பட்டுக் கறுத்த முகத்தோடு சாயங்காலம் வருவாள், போன வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள். நான் காயில் சுற்றுவேன். அவள் சொல்கிற கதைகளை ஒன்று விடாமல் கேட்டேன். கேட்காத மாதிரி இருந்தேன்.

மழைக்காலம் முடிந்த சமயம். அரியலூர் பஸ்ஸின் கண்டக்டர் கடை வாசலில் வந்து நின்றார். "லாரிக்காரரு வூட்டுல பெரியம்மா சொல்லி அனுப்புனாங்க. கலர் டிவியில கோடு வுழுவுதாம்" என்றார்.

சகாயமேரி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இல்ல, அந்தப் பேசாத பொண்ணதான் அனுப்பச் சொன்னாங்க" என்றார் கண்டக்டர். "சின்னம்மாவும் அதான் சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே பேச்சுப் பேசி நான் இன்னிக்குதான் பாக்குறேன்."

முதலாளி திரையைப் பார்த்து, "தனம், போயிட்டு வந்துடு" என்றார்.

நான் வெளியே வந்தேன். சகாயமேரி தோளிலிருந்து பையை இறக்கி என்னிடம் நீட்டினாள். "போயிட்டு வாக்கா" என்று சிரித்தாள். வார் என் கைக்கு வந்தபிறகும் அவள் விரல்கள் அதை விடச் சற்று நேரமாயிற்று. அந்தச் சிரிப்புக்குக் கீழே அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. வேறு யார் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். எனக்கு அது மனப்பாடம். என் முகத்தில் எத்தனையோ நாள் கண்ணாடியில் பார்த்தது.

என்னைப் பார்த்து ஒருவர் முகம் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். கலர் டிவியில் கோடு எதனால் விழும் என்று யோசித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அரியலூர் வரும்வரைக்கும் நான் அந்த முகத்தையே நினைத்துக்கொண்டு போனேன்.